எவர்சில்வரின் வகையறிந்து பற்றவைத்தல்

எவர்சில்வர் என்று மக்கள் வழங்கும் துருவேறா எஃகு ஒரே உலோகமன்று. 304 என்னும் வகையில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ளன. 430 வகையில் குரோமியம் ஏறக்குறைய அவ்வளவே இருப்பினும் நிக்கல் அநேகமாக இல்லை. ஆரணியாற்று அணையை அடுத்த பிச்சாட்டூர் போன்ற ஊர்களின் பட்டறைகளில் இவ்விரண்டும் ஒரே குவியலில் கிடப்பின், கண்ணால் வேறுபாடு காண்பது அரிது.

இவற்றை இணைக்கும்போதுதான் இடர் தோன்றுகிறது. சூட்டில் 304 வகை, 430 வகையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் விரிகிறது. மேலும், 450 முதல் 850 டிகிரி சென்டிகிரேடு வரையிலான உஷ்ணத்தில் 304 நெடுநேரம் நின்றால், அதிலுள்ள கார்பன் குரோமியத்தைக் கவர்ந்துகொள்ளும். பற்றவைப்பின் ஓரம் அரிப்புக்கு இரையாகும். ஆகவே, நிக்கலும் குரோமியமும் மிகுந்து கார்பன் குறைந்த 309 எல் கம்பியைக் கொண்டு, சூட்டை அடக்கிப் பற்றவைப்பதே தக்கது.

கல்பாக்கத்து முன்மாதிரி வேக ஈனுலையின் பிரதான கலத்திற்கு, கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த 316 எல்என் எஃகு தேர்ந்தெடுக்கப்பட்டது. பேருலைக்கு வேண்டிய இவ்விழிப்பு பால் கலத்திற்கு வேண்டாவென்பது பொருந்தாது.

காந்தம் ஒட்டினால் 430, ஒட்டாவிட்டால் 304 என்று கற்பிப்பது தொடக்கத்திற்கு உதவும், ஆயினும் போதாது. மாங்கனீசு மிகுந்த மலிவான 200 வரிசை எஃகிலும் காந்தம் ஒட்டாது; வளைத்துத் தட்டிய 304இல் சிறிது ஒட்டவும் கூடும். ஆதலின், தகட்டை வெட்டுந்தோறும் எஞ்சிய துண்டில் வகையெண்ணைப் பொறிக்கும் வழக்கத்தைத் தொழிற்பள்ளி ஆசிரியர்கள் முதற்பாடமாக்க வேண்டும். வகையெண் இல்லாத தகட்டைக் களப்பணியாளர்கள் ஏற்றலாகாது. ஒழுகும் கலத்தைப் பின்னர்ச் செப்பனிடுவதினும் இச்சிறு பழக்கம் எளிது.