மருத்துவ இணையச் சேவைகளில் அணுகல்தன்மை: பொது நிறுவனங்களின் கடமையும் நோயாளிகளின் உரிமையும்

வெளிநோயாளர் முன்பதிவு, பரிசோதனை முடிவுகள், காப்பீட்டு விண்ணப்பம் எனப் பல மருத்துவச் சேவைகள் இன்று இணையதளங்கள் வழியாகவும் கைப்பேசிச் செயலிகள் வழியாகவும் வழங்கப்படுகின்றன. பார்வையற்ற ஒருவர் தம் குருதிப் பரிசோதனை முடிவை அண்டை வீட்டாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல நேர்ந்தால், சிகிச்சை தொடங்குமுன்பே அவருடைய நோய் பிறர் அறிந்த செய்தியாகிவிடுகிறது. ஆகவே டிஜிட்டல் அணுகல்தன்மை, நோயாளியின் அந்தரங்கத்தோடும் உரிய காலத்தில் சிகிச்சை பெறுவதோடும் பிணைந்ததாகும்.

அணுகல்தன்மை என்றால் என்ன?

பார்வை, செவித்திறன், உடலியக்கம், அறிவுத்திறன் ஆகியவற்றில் குறைபாடு உடையவர்களும் பிறர் துணையின்றிப் பயன்படுத்தும் வகையில் ஒரு சேவை அமைந்திருப்பதே அணுகல்தன்மை. கண்புரையால் சிறு எழுத்துகளைப் படிக்க இயலாத முதியவருக்கும், பக்கவாதத்திற்குப் பின் ஒரு கையை மட்டுமே பயன்படுத்துபவருக்கும் இது உதவும்.

கோவின் தளம் உணர்த்திய பாடம்

கோவிட் தடுப்பூசிக்கு முன்பதிவு செய்வதற்கான கோவின் தளத்தின் குறைகளை உச்ச நீதிமன்றம் 31.05.2021 நாளிட்ட ஆணையில் சுட்டிக்காட்டியது. சரிபார்ப்புக் குறியீட்டை ஒலி வடிவில் பெறும் வசதி இல்லை. பார்வையற்றோர் காலியிடங்களின் எண்ணிக்கையை அறிய முடிந்தது. அவை எந்த நாளுக்கு உரியவை என்பதை அறிய முடியவில்லை. விசைப்பலகையை மட்டும் கொண்டு தளத்தில் இயங்கவும் வழியில்லை. அட்டவணைத் தலைப்புகளை உரிய கட்டங்களோடு இணைப்பது போன்ற எளிய திருத்தங்களால் களையக்கூடிய தடைகள் இவை. வடிவமைப்பின்போதே கவனித்திருந்தால் இவை எழுந்திருக்கமாட்டா.

சட்டத்தின் நிலை

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 42-ஆம் பிரிவு, மின்னணு ஊடக உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. 46-ஆம் பிரிவு, அரசு மற்றும் தனியார் சேவை வழங்குநர் இருவரையும் கட்டுப்படுத்துகிறது. அரசு இணையதளங்களுக்கும் செயலிகளுக்குமான வழிகாட்டு நெறிமுறைகளின் 3.0 பதிப்பு 2023-இல் வெளியானது. தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்திற்கான ஐ.எஸ். 17802 தரநிலையும் அதே ஆண்டில் சட்ட விதிகளில் சேர்க்கப்பட்டது.

எனினும், அணுகல்தன்மை நெறிமுறைகள் பல நிறுவனங்களில் வெறும் பரிந்துரைகளாகவே கருதப்பட்டன. ராஜீவ் ரதூரி வழக்கில் 08.11.2024 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கட்டாயத் தன்மையற்ற நெறிமுறைகளைக் கொண்ட 15-ஆம் விதி சட்டத்திற்கு முரணானது என அறிவித்து, கட்டாய விதிகளை வகுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. 30.04.2025 அன்று வெளியான மற்றொரு தீர்ப்பு, டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமையை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதியாக ஏற்றது. மின்னணு அடையாளச் சரிபார்ப்பின்போது கண் சிமிட்ட இயலாத அமிலவீச்சுப் பாதிப்பாளர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில் இத்தீர்ப்பு வழங்கப்பட்டது.

நிறுவனங்கள் ஆயத்தமாவது எவ்வாறு?

• கொள்முதல்: மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்திலேயே அணுகல்தன்மைத் தரநிலை நிபந்தனையாக இடம்பெற வேண்டும். பணி முடிந்தபின் திருத்துவது செலவையும் காலத்தையும் கூட்டும்.

• ஆவணங்கள்: தாளை ஒளிவருடிப் படமாகப் பதிவேற்றினால் திரைவாசிப்பான் அதிலுள்ள எழுத்துகளை அறியாது. ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ், பொருளற்ற ஒலியாகவே வெளிப்படும். பரிசோதனை அறிக்கைகள் ஒருங்குறி எழுத்துகளாக வழங்கப்பட வேண்டும்.

• சோதனை: தானியங்கிக் கருவிகள் சில பிழைகளை மட்டுமே கண்டறியும். மாற்றுத்திறனாளிகளே முன்பதிவு முதல் அறிக்கை பெறுவதுவரை பயன்படுத்திப் பார்ப்பது இன்றியமையாதது. எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானைச் சேர்ப்பதால் மட்டும், பெயரிடப்படாத படிவக் கட்டங்கள் சரியாகிவிடா.

• மாற்று வழி: இணையதளம் சீராகும்வரை தொலைபேசி வழியாகவோ நேரிலோ அதே சேவை கிடைக்க வேண்டும். இது தற்காலிக ஏற்பாடு மட்டுமே, நிலையான தீர்வாகாது.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் செய்யக்கூடியவை

தடை நேர்ந்த பக்கம், நாள், பயன்படுத்திய கருவி, எந்தக் கட்டத்தில் பணி நின்றது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சிகிச்சை தாமதமாகாதவாறு மாற்று வழியில் உடனே சேவையைக் கேட்டுப் பெறுங்கள். அதன் பின்னரும் புகாரைக் கைவிட வேண்டாம்.

சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, ஒவ்வோர் அரசு நிறுவனமும் குறைதீர்ப்பு அலுவலரை நியமிக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட புகார் இரண்டு வாரங்களுக்குள் விசாரிக்கப்பட வேண்டும். ஆயினும், அப்பிரிவு வேலைவாய்ப்புத் தொடர்பான குறைகளையே முதன்மையாகக் கருதுவதால், சேவை குறித்த புகாரின் நகலை மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் அனுப்புவது நன்று. மத்திய அரசு நிறுவனங்கள் குறித்துத் தலைமை ஆணையரை அணுகலாம்.

பராமரிப்பாளர்கள் நோயாளியின் கடவுச்சொல்லைத் தாமே வைத்துக்கொண்டு செயல்படுவது எளிதாகத் தோன்றலாம். இயன்றவரை நோயாளியே தம் அறிக்கையை முதலில் படிக்கவோ கேட்கவோ வழிசெய்யுங்கள். தம் உடல்நிலையைப் பற்றி முதலில் அறியும் உரிமை அவருக்கே உரியது.