இரவு ஷிஃப்டும் பாலினமும்

நெய்வேலித் திறந்தவெளிச் சுரங்கத்தில் ராட்சதச் சக்கர இயந்திரம் இரவெல்லாம் மண்ணை வாரிக்கொண்டிருக்கிறது. அருகில் நிற்பது ஆணா பெண்ணா என்று பழுப்பு நிலக்கரி பார்ப்பதில்லை, சட்டம் பார்த்தது. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், இரவு 7 முதல் காலை 6 வரை பெண்களைச் சுரங்கப் பணியிலிருந்து விலக்கியது. 2019-இல்தான் மத்திய அரசு அதைத் தளர்த்தியது: பெண்ணின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும், ஒரு ஷிஃப்டில் மூன்று பெண்களுக்குக் குறையக் கூடாது என்பவை அன்றைய நிபந்தனைகள்.

சட்டம் இப்படி மறித்தது என்பதற்காக, பாலினம் என்ற வகைப்பாடே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். கழிப்பறை எத்தனை, பதவி உயர்வு யாருக்கு என்று கணக்கெடுக்க அது தேவை. 2014-இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றபின், திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் அந்தக் கணக்கில் இடம் வேண்டும். பாலினம் வசதி செய்துதரும் பதிவேடாக இருக்கட்டும். வாசலில் மறிக்கும் காவலாளியாக வேண்டாம்.