மாரடைப்பும் வீணாகும் ஆறு மணி நேரமும்

மாரடைப்பு செல்வர்க்கே உரிய நோய் என்னும் எண்ணம் இந்நாட்டில் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. அது பொருந்தாதென்பதற்குரிய சான்று 2008-ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று. 2001 முதல் 2005 வரை, இந்தியாவின் 50 நகரங்களிலுள்ள 89 நிலையங்களுக்கு மாரடைப்பும் அதனையொத்த கடுமையான இருதயக் கோளாறும் கொண்டு வந்த 20,937 பேரின் விவரங்கள் ‘கிரியேட்’ என்னும் பதிவேட்டில் திரட்டப்பட்டன. அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர் கீழ் நடுத்தர வகுப்பினரும் ஏழைகளுமே. சராசரி வயது 57.5.

அப்பதிவேட்டில் மிகவும் கவலை தருவது வேறொன்று. நோய்க்குறி தோன்றியது முதல் மருத்துவமனையை அடையும் வரை கழிந்த நேரத்தின் இடைநிலை அளவு 360 நிமிடம். அஃதாவது, பாதிப் பேர் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்தே வந்தனர். இருதயத் தசைக்குரிய இரத்தக் குழாயை உறைந்த இரத்தம் அடைத்துக்கொண்டால், அடைப்பு நீங்கும் வரை தசை சிறிது சிறிதாக மாண்டுகொண்டே இருக்கும், மாண்டது மீள்வதில்லை. உறைவைக் கரைக்கும் மருந்து முதல் ஒன்றிரண்டு மணிக்குள் செய்யும் நன்மையைப் பின்னர் எதிர்பார்ப்பதற்கில்லை.

இத்தாமதத்திற்கு மக்களின் அறியாமையே காரணம் என்று கூறிவிடுவது எளிது. வாயுத் தொல்லை என்று எண்ணி ஓமநீரும் சோடாவும் அருந்திக் காத்திருப்போர் பலர் என்பது உண்மையே. ஆயினும் வண்டி கிடைப்பது, பணம் திரட்டுவது, முதலில் சென்ற இடத்தில் இ.சி.ஜி. கருவி இல்லாது வேறிடம் அனுப்பப்படுவது ஆகியவற்றை எக்கணக்கில் சேர்ப்பது?

முப்பது நாட்களுக்குள் மாண்டவர்கள் செல்வருள் நூற்றுக்கு 5.5, ஏழைகளுள் 8.2. பெற்ற சிகிச்சையின் வேற்றுமையைக் கணக்கிற் கொண்டபோது இவ்வேறுபாடு மறைந்துவிட்டது. வயது, பிற நோய்கள் முதலியவற்றைக் கணக்கிற் கொண்டபோது மறையவில்லை. இதனினும் தெளிவான குற்றச்சாட்டு வேண்டுவதில்லை.

விலையுயர்ந்த சிகிச்சையைப் பற்றிய பேச்சன்று இது. மாரடைப்பின் முதல் நாளில் கொடுக்கும் ஆஸ்பிரின் ஒன்றே மரணத்தை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கும் என்பது 17,187 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வில் 1988-லேயே மெய்ப்பிக்கப்பட்டது. சில காசுகள் பெறும் மாத்திரை அது. ஒவ்வாமையும் இரத்தக் கசிவும் உள்ளவர்க்கு மட்டும் ஆகாது. பெருநகரில் மற்றுமோர் உயர்தர இருதயக் கூடம் அமைப்பதினும், தாலுகா மருத்துவமனைதோறும் இரவிலும் இயங்கும் இ.சி.ஜி. கருவியும் உறைவு கரைக்கும் மருந்தும் இருக்கச் செய்வதே முதற்கடமை.

பள்ளிப் பாடத்தில் இருதயத்தின் நான்கு அறைகளைப் படம் வரைந்து கற்பிக்கின்றனர், நன்று. மார்பை அழுத்தும் வலி இடத்தோளுக்கோ தாடைக்கோ பரவுவதையும், உடன் குளிர்ந்த வியர்வை அரும்புவதையும் அதே வகுப்பில் கூறுவதற்கு ஐந்து நிமிடம் போதும். நீரிழிவு உடையோர்க்கும் பெண்கள் சிலர்க்கும் வலியே இன்றி மூச்சுத்திணறல் மட்டும் தோன்றக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். தம் வட்டாரத்தில் இரவு வேளையில் இ.சி.ஜி. எடுக்கும் மருத்துவமனை எது, அங்குச் செல்ல வண்டி எது என்பவற்றைக் களப்பணியாளர் இன்றே விசாரித்து ஊர்ப் பொதுவிடத்தில் எழுதி வைக்கலாம்.