எலியை மட்டும் கண்டவர்கள்

'அந்த நாவலை எட்டு முறை படித்திருக்கிறேன்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், எதிரே இருப்பவர் வாயடைத்துப் போகிறார். எட்டு முறையும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அது ஒன்றுதான். முதல் தடவை கண்டதையே எட்டாம் தடவையும் கண்டவர் ஒரு முறைதான் படித்திருக்கிறார். மீதி ஏழும் பாராயணம். பாராயணத்துக்குப் பலன் உண்டு என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். விமர்சனத்துக்கு அதில் பங்கு கிடையாது.

மறுவாசிப்பு என்ற சொல் நம்மிடையே கொஞ்சம் அதிகமாகவே புழங்குகிறது. அது உண்மையில் என்ன வேலை, யார் அதைச் செய்கிறார்கள், யார் செய்வதாகப் பாவனை காட்டுகிறார்கள் என்று பார்க்க ஒரு உதாரணம் வேண்டும். நான் எடுத்துக்கொள்வது இலக்கியத்திலிருந்து அல்ல. பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் 'டாக்டர் ஹூ' என்ற விஞ்ஞானக் கற்பனைத் தொடரையும், அதன் பழைய கதைகளை வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பப் பார்த்து, பகுதி பகுதியாக விவாதித்துவரும் ரசிகர்களையும்தான். முகம் சுளிப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். எந்த இலக்கிய வட்டத்துக்கும் எளிதில் வாய்க்காத ஒரு சோதனை இந்த ரசிகர்களுக்கு வாய்த்தது. பிரதி அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது; நினைவை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு வழங்கினார்கள்; பிறகு பிரதி திரும்பி வந்தது.

1963 நவம்பர் 23ல் தொடங்கி 1989 வரை ஓடி, 2005ல் மீண்டும் உயிர்பெற்ற தொடர் அது. போலீஸ் தொலைபேசிக் கூண்டின் உருவில் உள்ள ஒரு வாகனத்தில் காலத்துக்குள்ளும் அண்டவெளிக்குள்ளும் அலையும் ஒரு வேற்றுலகவாசி அதன் நாயகர். சாகும் தறுவாயில் அவர் உடல் மாறி வேறு ஆளாக எழுவார். எனவே நடிகர் மாறினாலும் தொடர் நிற்பதில்லை. முதல் ஆறு ஆண்டுகளில் 253 பகுதிகள் ஒளிபரப்பாயின. அந்நாளில் வீடியோ நாடாவின் விலை அதிகம். நடிகர் சங்கத்தோடு இருந்த ஒப்பந்தம் மறுஒளிபரப்பைக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டு விற்பனைக்கென்று எடுத்த 16 மி.மீ. பிலிம் பிரதிகளும் உரிமைக் காலம் முடிந்ததும் பயனற்றவையாயின. ஆக, 1967க்கும் 1978க்கும் இடையில் பி.பி.ஸி. தன் கையாலேயே இவற்றை அழித்தது. ஏறத்தாழ நூறு பகுதிகளுக்கு இன்றும் படம் கிடையாது.

ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் ஒலி இருக்கிறது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் மைக்கைப் பிடித்து நாடாவில் பதிவு செய்துகொண்ட சில ரசிகர்களால் இருக்கிறது. ஸ்தாபனம் எறிந்ததைப் பொறுக்கி வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். 'ரசிக மனப்பான்மை' என்று ஒரே வார்த்தையில் இவர்களை ஒதுக்கிவிடும் பண்டிதர்கள் இந்த ஒரு காரியத்துக்காவது எழுந்து நிற்க வேண்டும்.

எனினும் காப்பாற்றுவது வேறு, பார்ப்பது வேறு. என் வழக்கு இங்கிருந்து தொடங்குகிறது.

'தி டூம் ஆஃப் தி சைபர்மென்' 1967 செப்டம்பரில் ஒளிபரப்பான நான்கு பகுதிக் கதை. படம் அழிந்துபோயிற்று. சிறுவயதில் பார்த்தவர்கள் சொல்லச் சொல்ல, பார்க்காதவர்கள் கேட்கக் கேட்க, அது ஒரு மகா சிருஷ்டியாக வளர்ந்தது. தேன்கூடு போன்ற கல்லறை அறைகளைக் கிழித்துக்கொண்டு இயந்திர மனிதர்கள் எழும் காட்சியை விவரித்தே பத்திரிகைகள் நடந்தன. 1991 இறுதியில் ஹாங்காங்கிலிருந்து நான்கு பகுதிகளும் கிடைத்தன. அடுத்த ஆண்டு வீடியோவாக வெளிவந்தன. கல்லறைக் காட்சி நன்றாகவே இருந்தது. அதோடு வேறு சிலவும் இருந்தன. ஆளைத் தூக்கி எறியும் இடத்தில் கயிறு தெரிந்தது. கதையின் ஒரே கறுப்பு மனிதன் அதிகம் பேசாத, பலசாலியான வேலைக்காரன் என்பது தெரிந்தது. இவை எவர் நினைவிலும் தங்கியிருக்கவில்லை.

இதற்கு நேர் எதிர் 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்'. 1967 டிசம்பரில் தொடங்கிய ஆறு பகுதிக் கதை. அதில் மூன்றாவது பகுதி மட்டும் பல ஆண்டுகளாக இருந்தது. கதை நகராமல் நிற்கும் பகுதி அது. அதைப் பார்த்துவிட்டு மொத்தக் கதையும் மந்தம் என்று தீர்ப்பு எழுதி, அதையே ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி எழுதிவந்தார்கள். நைஜீரியாவின் ஜோஸ் நகரிலிருந்து பிலிப் மோரிஸ் மீட்டுவந்த மற்ற ஐந்து பகுதிகளும் 2013 அக்டோபரில் வெளியாயின. நாயகராகவும் உலகை ஆளத் துடிக்கும் கொடுங்கோலனாகவும் இரட்டை வேடம் ஏற்ற பேட்ரிக் ட்ராட்டனின் நடிப்பு, பேரி லெட்ஸின் இயக்கத்தில் இருந்த வேகம், எல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தன. ஒரே மாதத்தில் கதையின் மதிப்பு தலைகீழானது.

'நினைவு ஏமாற்றும்' என்று 1980களில் தொடரின் தயாரிப்பாளராக இருந்த ஜான் நேதன்-டர்னர் பழைய ரசிகர்களுக்குப் பதில் சொல்வது வழக்கம். அந்தக் காலம் போல வருமா என்று அவர்கள் புலம்பியபோது சொன்ன பதில் அது. முதல் கதைக்கு அது பொருந்துகிறது. இரண்டாவது கதைக்குப் பொருந்தவில்லை. அங்கே ஏமாற்றியது நினைவு அல்ல, கைவசம் இருந்த துண்டு. நினைவும் துண்டும் அல்ல இங்கே குற்றவாளிகள். 'எனக்குத் தெரியும்' என்ற நிச்சயம் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பார்வை அதற்குப் பின்னால் கைகட்டி நிற்கிறது. படம் இல்லாதபோது இது நேர்ந்தது என்றால் மன்னிக்கலாம். படம் கையிலேயே இருக்கும்போதும் இதுவே நடந்தது என்பதுதான் விஷயம்.

1977ல் வந்த 'தி டாலன்ஸ் ஆஃப் வெங்-சியாங்' ராபர்ட் ஹோம்ஸ் எழுதியது. விக்டோரியா காலத்து லண்டன், நாடகக் கொட்டகை, மூடுபனி, சாக்கடைகளில் வளரும் ராட்சத எலி. வசனத்தின் கூர்மையில் இந்தத் தொடர் இதற்கு மேல் போனதில்லை என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 2009ல் 'டாக்டர் ஹூ மேகஸீன்' நடத்திய வாக்கெடுப்பில் 200 கதைகளுள் இது நான்காவது. இக்கதையைப் பற்றிய விவாதங்களில் பல ஆண்டுகளாகத் தவறாமல் சொல்லப்பட்ட குறை ஒன்று உண்டு: எலி. பஞ்சடைத்த பொம்மை என்று பளிச்செனத் தெரிகிறது என்றார்கள். எலி மட்டும் சரியாக அமைந்திருந்தால் கதை பூரணம் என்றார்கள்.

கதையின் முக்கியப் பாத்திரம் லி ஸென் சாங் என்ற சீன மந்திரவாதி. நடித்தவர் ஜான் பென்னட் என்ற ஆங்கிலேயர். கண்ணிமைகளை ஒட்டுவேலையால் மாற்றி, முகத்துக்குச் சாயம் பூசி, உச்சரிப்பை வளைத்துச் சீனராக்கப்பட்டவர். கதையில் வரும் மற்ற சீனர்கள் பெரும்பாலும் கோடரி ஏந்திய கொலையாட்கள். ஆறு பகுதிகளிலும் சில நிமிடங்களே தலைகாட்டும் எலியைக் கண்ட கண்கள், திரையை நிறைத்து நிற்கும் இந்த முகத்தைக் காணவில்லை. ஒரு சிலர் அவ்வப்போது சொன்னார்கள். அது அடிக்குறிப்பாகவே நின்றது. ஆனால் கனடாவில் 1980ல் சீன வம்சாவளியினரின் ஆட்சேபணையை அடுத்து டி.வி. ஒண்டாரியோ இக்கதையை ஒளிபரப்பாமல் விட்டது. அவர்களுக்கு இருபது முறை பார்க்கும் அவசியம் ஏற்படவில்லை. முகம் அவர்களுடையது என்பதால் ஒரு முறையே போதுமாக இருந்தது.

இங்கே இரண்டு பதில்கள் வரும். தெரிந்த பதில்கள்தான். முதலாவது: அந்தக் காலத்தை அந்தக் காலத்து அளவுகோலால்தான் அளக்க வேண்டும். சரி, அளப்போம். 1980 எந்தக் காலம்? ஒளிபரப்பாகி மூன்றே ஆண்டுகள். 'அந்தக் காலம்' என்று இவர்கள் சொல்வது காலத்தை அல்ல, தங்கள் வட்டத்தை. வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கும் அதே காலம்தான் நடந்துகொண்டிருந்தது.

இரண்டாவது பதில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. எங்கோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று டாக்டர் சொல்லும்போது, நாங்கள் எல்லோரும் ஒரே ஜாடை என்றல்லவா சொல்கிறார்கள் என்ற பொருளில் சாங் ஒரு குத்தல் வசனம் சொல்கிறான். ஆகவே ஹோம்ஸ் இனவெறியைக் கிண்டல் செய்கிறார் என்கிறார்கள். வசனம் நல்ல வசனம். எழுதிய கை எதையோ உணர்ந்திருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அதைச் சொல்லும் முகம் சாயம் பூசிய முகம். எழுத்து அறிந்ததைப் படம் மறுக்கிறது. இந்த முரண்தான் இக்கதையின் மையம். இதை வைத்துக்கொண்டு ஒரு நல்ல விமர்சகன் நாற்பது பக்கம் எழுதலாம். கதையைத் தள்ளிவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தள்ளிவைப்பதும் பார்க்காமல் இருக்கும் வழிகளில் ஒன்றுதான். எலி முதல் முகம் வரை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறேன்.

அதே 2009 பட்டியலில் முதலிடம் பெற்ற கதை 'தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோஸானி'. கடைசி, 200ஆம் இடம் பெற்றது 'தி ட்வின் டைலமா'. இரண்டும் 1984 மார்ச்சில் அடுத்தடுத்து வந்தவை. ஒன்று 16ஆம் தேதி முடிந்தது, மற்றது 22ஆம் தேதி தொடங்கியது. முதல் கதையில் பெரி என்ற பெண்ணைக் காப்பாற்ற, இருக்கும் மருந்து முழுவதையும் அவளுக்கே கொடுத்துவிட்டு டாக்டர் சாகிறார். வேறு உடலில் எழுந்த அதே டாக்டர் அடுத்த கதையில், சித்தம் கலங்கிய ஒரு கணத்தில், அதே பெண்ணின் கழுத்தை நெரிக்கிறார். தியாகம் செய்தவரின் கையும் நெரித்த கையும் ஒரே ஆளுடையவை. ஆறு நாள் இடைவெளியில் இந்தத் தொடர் தன்னையறியாமலே ஒரு பயங்கரமான கேள்வியைக் கேட்டுவிட்டது. தயாரித்தவர்களுக்கு அதைத் தாங்கும் தெம்பு இருக்கவில்லை என்பது வேறு விஷயம். ரசிகர்கள் என்ன செய்தார்கள்? ஒன்றைத் தலையிலும் மற்றதைக் காலடியிலும் வைத்து, நடுவே 198 கதைகளை நிரப்பினார்கள். பட்டியல் என்பது இதுதான். சேர்த்துப் பார்க்க வேண்டியதைப் பிரித்து வைத்துவிட்டு, பார்த்தாயிற்று என்று கணக்குக் காட்டுவது. முதலிடத்தைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டியதில்லை, கடைசி இடத்தைப் பற்றிப் பேசத் தகுதியில்லை.

கல்வித்துறைக்காரர்கள் இதைவிடச் சிறப்பாகச் செய்துவிடவில்லை. இத்தொடரைப் பற்றி 1983ல் வந்த ஆய்வு நூலின் ஒரு வாக்கியத்தை, 1987ல் வந்த 'டிராகன்ஃபயர்' கதையில் ஒரு காவலாளி அப்படியே ஒப்பிக்கிறான். புரியாத பரிபாஷையைத் தொடரே திருப்பிக் கிண்டல் செய்தது, ரசிகர்கள் சிரித்தார்கள். சிரித்தது நியாயம். ஆனால் பரிபாஷையைச் சிரித்து ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் பட்டியலை வைத்தால் லாபம் யாருக்கு?

லாபம் யாருக்கு என்பதை ஸ்தாபனம் காட்டிவிட்டது. அன்று அழித்த அதே பி.பி.ஸி. இன்று திருத்துகிறது. டாலெக்குகள் முதன்முதலாக வந்த 1963-64ஆம் ஆண்டின் ஏழு பகுதிக் கதைக்கு வண்ணம் பூசி, 75 நிமிடங்களாக வெட்டி 2023 நவம்பரில் ஒளிபரப்பியது. 1969ன் பத்துப் பகுதிக் கதையான 'தி வார் கேம்ஸ்' 2024 டிசம்பரில் 90 நிமிடமாயிற்று. மூலம் அழியவில்லையே, அதுவும் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது. ஆனால் புதிதாக வருகிறவன் எதைப் பார்ப்பான்? டாலெக் கதையின் பலம் அதன் மெதுவில் இருக்கிறது. ஆளற்ற உலோக நகரத்தின் தாழ்வாரங்களில் மனிதர்கள் தனித்தனியே நடக்கும் நேரம், எதிரி உருவம் காட்டாமல் காக்கவைக்கும் ஒரு வாரம், இவைதான் அந்தக் கதை. அதை வேகமாக்குவது என்றால் வேறொன்றாக்குவது. அன்று மைக்கைப் பிடித்தவர்களின் வாரிசுகள் உரத்து எதிர்க்க வேண்டிய இடம் இது. சிலர் எதிர்த்தார்கள். பலர் வண்ணம் அழகாக இருக்கிறது என்றார்கள். நூறு முறை பார்த்தவர்களுக்கு எது வெட்டப்பட்டது என்பது நன்றாகத் தெரியும். வெட்டப்பட்டதன் அர்த்தம் என்ன என்பது தெரியவில்லை. தகவலாக வைத்திருந்தார்கள், அனுபவமாக வைத்திருக்கவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திரும்பிப் பார்த்துத் திருந்திய பார்வையும் இவர்களிடம் உண்டு. 1976ல் ஹோம்ஸின் 'தி டெட்லி அஸாஸின்' வந்தபோது, அதே ஆண்டு தோன்றிய ரசிகர் சங்கத்தின் அன்றைய தலைவர் அதைக் கிழித்து எழுதினார். காலத்தை ஆளும் பெரியோர்களை வம்பு பேசும் கிழவர்களாக்கிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. பின்னால் வந்தவர்கள் திரும்பப் பார்த்தார்கள். குறையாகச் சொல்லப்பட்ட அதே அம்சம்தான் அக்கதையின் சாதனை, அதிகாரத்தின் மூப்பைப் பற்றிய அங்கதம் என்று கண்டார்கள். சங்கத் தலைவரின் வார்த்தை அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. மறுபார்வை என்று நான் சொல்வது இதைத்தான்: ஏற்கனவே சொல்லிவிட்ட தீர்ப்பை, அது யாருடையதாக இருந்தாலும், மறுபடி ஆபத்தில் வைப்பது.

தட்டச்சு செய்து, சில நூறு பிரதிகள் உருட்டி எடுத்து, தபாலில் அனுப்பிப் பரிமாறிக்கொண்ட பத்திரிகைகளில்தான் இவர்களுடைய விவாதங்கள் வளர்ந்தன. சிறிய வட்டம், தீவிரமான சண்டைகள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இந்த வர்ணனை எங்கோ கேட்டதாக இருக்கிறதா? சிறிய வட்டத்தின் பலம் சிரத்தை. அதன் நோய், ஒருவர் பார்த்துச் சொன்னதை மற்றவர்கள் பார்த்ததாகவே வைத்துக்கொள்வது. நம்முடைய மகத்தான நாவல்கள் என்று நாம் ஒப்பிக்கும் பத்துப் பெயர்களில் எத்தனையைக் கடந்த பத்தாண்டுகளில் திறந்து பார்த்திருக்கிறோம்? திறந்தபோது எதைத் தேடினோம்? அவற்றிலும் ஒரு எலியைக் காட்டி, இது ஒன்று தவிர எல்லாம் பூரணம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அந்த எலிக்குப் பக்கத்தில் யாருடைய முகத்துக்குச் சாயம் பூசியிருக்கிறது என்பதை வட்டத்துக்கு வெளியே இருந்து யாராவது வந்து சொல்லும்வரை காத்திருக்கப் போகிறோமா?