முன்சக்கரம் உயரும்போது சட்டம் யாரைப் பார்க்கிறது?

2023 செப்டம்பரில், சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தை அடுத்து, யூடியூபர் டிடிஎஃப் வாசன் வீலிங் செய்ய முயன்று பைக்கிலிருந்து தூக்கி வீசப்பட்டார். அவர் கைது செய்யப்பட்டார். சென்னை உயர் நீதிமன்றம் முதலில் பிணை மறுத்தது. அவரது ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில், சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகேயுள்ள மேலப்பிடாவூரில், பட்டியலினக் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதைப் பொறுக்காமல் சாதியைச் சொல்லித் தாக்கினர் என்று குடும்பத்தார் குற்றஞ்சாட்டினர், மூவர் கைதாயினர். முதல் நிகழ்வில் வண்டியின் முன்சக்கரம் காற்றில் எழுந்தது. இரண்டாவது நிகழ்வில் இரு சக்கரங்களும் தரையில்தான் இருந்தன.

இவ்விரு செய்திகளையும் நாம் சேர்த்தே வாசிக்க வேண்டும். பைக்கில் செல்லும் இளைஞனைச் சமூகம் இரு காரணங்களுக்காகத் தடுக்கிறது: அவனால் பிறருக்கு நேரும் ஆபத்து ஒன்று, அவன் யார் என்பது மற்றொன்று. முன்னதைத் தடுப்பது சட்டத்தின் கடமை. பின்னதைத் தடுப்பது வன்கொடுமைக் குற்றம். காவல் நிலையங்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இவ்விரண்டும் ஒன்றாகக் குழைக்கப்படுகின்றன. அதைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வித்தையும் ஆபத்தும்

ஆபத்திலிருந்தே தொடங்குவோம். கிளட்சைச் சட்டென விடுவித்தோ ஆக்ஸிலரேட்டரை முறுக்கியோ பின்சக்கரத்துக்குத் திடீர் விசை கொடுக்கும்போது எடை பின்னோக்கி மாறி முன்சக்கரம் எழுகிறது. எழுந்ததை ஒரு கோணத்தில் நிலைநிறுத்துவதே வித்தை. அந்தக் கோணத்தைத் தாண்டினால் வண்டி பின்புறமாகக் கவிழும். அப்போது காப்பாற்றக்கூடியது பின்பிரேக் ஒன்றே. ஆகவே முறையாகப் பயிற்றுவிப்போர், சக்கரத்தைத் தூக்கச் சொல்லித் தருவதற்கு முன்பே, பின்பிரேக்கின் மேல் கால் எப்போதும் இருக்க வேண்டும் என்பதையும், எழுந்த சக்கரத்தை நேராக இறக்குவதையும் பழக்குகின்றனர்.

முன்சக்கரம் காற்றில் இருக்கும் வரை ஹேண்டில்பாரைத் திருப்பிப் பயனில்லை. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு வகிக்கும் முன்பிரேக்கும் உதவாது. எதிரே வருவதும் சரியாகக் கண்ணில் படாது. அடைத்த மைதானத்தில், ஹெல்மெட்டும் முழுக் கவசமும் அணிந்து, குறைந்த வேகத்தில், பலமுறை விழுந்து எழுந்து கற்க வேண்டியது இது. பொதுச் சாலையில் கற்பவன் விழும்போது தனியே விழுவதில்லை. இந்தியச் சாலைகளில் 2022இல் இறந்தோர் 1,68,491 பேர் என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை. அவர்களுள் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். 32,825 பேர் நடந்து சென்றவர்கள். சாலையோரம் நடந்து வேலைக்குப் போகும் துப்புரவுத் தொழிலாளியும் கட்டடத் தொழிலாளியும் பெரும்பாலும் நம் தாய்மார்கள், நம் தந்தையர். அவர்களது உயிரைப் பணயமாக வைக்கும் எந்தச் சாகசத்தையும் விடுதலை என்று நாம் கொண்டாட முடியாது.

சட்டம் சொல்வதும் காவல்துறை செய்வதும்

வீலிங் என்ற பெயரில் தனிக்குற்றம் எதுவும் மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. ஆபத்தாக ஓட்டுவதற்கான பிரிவு 184 பயன்படுத்தப்படுகிறது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 281 அதனோடு சேர்கிறது. இவை பிணையில் விடத்தக்கவை. 2025 மே மாதத்தில் கர்நாடக உயர் நீதிமன்றம், வீலிங்கைக் கட்டுப்படுத்த நடப்பிலுள்ள சட்டப் பிரிவுகள் போதுமானவை அல்ல என்று கூறி, கடுமையான சட்டத்தின் தேவையை அரசுக்குச் சுட்டிக்காட்டியது.

கடுமை கூடினால் அது யார் மேல் விழும் என்பதே நமது கேள்வி. மரணம் விளைவிக்கும் குற்ற முயற்சிக்கான பிரிவு 110ஐச் சேர்த்துவிட்டால் வழக்கு பிணையில் விட முடியாததாகிவிடுகிறது. அந்தப் பிரிவைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை முதலில் முடிவு செய்பவர் காவல் நிலையத்தில் எழுதுகோலைப் பிடித்திருப்பவர். கைதான இளைஞனின் முகவரி குடியிருப்போர் நலச்சங்கம் உள்ள தெருவா, குடிசை மாற்று வாரியக் குடியிருப்பா என்பது அந்த எழுதுகோலுக்குத் தெரியாமல் இருப்பதில்லை. ஒருவன் ‘விளையாட்டுப் பிள்ளை’ ஆகிறான். அதே செயலைச் செய்த மற்றொருவன் ‘புள்ளிங்கோ’ ஆகிறான். தலைமுடியின் நிறமும் சட்டையின் அளவும் குற்றத்தின் அளவாக மாறுகின்றன. ‘வழுக்கி விழுந்த’ இளைஞர்களின் மாவுக்கட்டுப் படங்களைப் பகிர்ந்து கைதட்டும் பொதுப்புத்தி இந்த இடத்திலிருந்தே ஊட்டம் பெறுகிறது.

இந்தப் பார்வை புதிதன்று. 2012இல் தருமபுரியில் நத்தம் காலனி உள்ளிட்ட குடியிருப்புகள் எரிக்கப்பட்ட காலத்தில், ஜீன்ஸும் கூலிங்கிளாஸும் அணிந்த தலித் இளைஞன் என்ற உருவமே ஓர் அரசியல் குற்றச்சாட்டாக மேடைகளில் முன்வைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. எரிந்தவற்றுள் வீடுகளோடு வண்டிகளும் இருந்தன.

பைக் என்ற சொல் இடம்பெற்ற மற்றொரு சட்டம்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவரப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தைக் கல்லூரி மாணவர்கள் ஒருமுறையேனும் வாசிக்க வேண்டும். பிரிவு 3(1)(இசட்ஏ)(பி), பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்போ புத்தாடையோ அணிவதை, திருமண ஊர்வலம் செல்வதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நாடாளுமன்றம் ஒரு சட்டத்தில் ‘மோட்டார் சைக்கிள்’ என்று பெயர் சொல்லி எழுத வேண்டிய நிலை வந்தது ஏன்? ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது சைக்கிளிலிருந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்து, வண்டியை உருட்டிச் சென்ற தலைமுறை ஒன்று இருந்தது. சில ஊர்களில் அந்த வழக்கம் இன்னும் சாகவில்லை.

உருட்டிச் சென்றவரின் பேரன் வண்டியின் மேல் நிமிர்ந்து அமர்வதே ஒரு மீறலாகப் பார்க்கப்படும் நாட்டில், முன்சக்கரத்தை உயர்த்தும் ஆசையின் வேரை நாம் புரிந்துகொள்ளலாம். புரிந்துகொள்வது வேறு, நியாயப்படுத்துவது வேறு. ஆயினும் புரிந்துகொள்ள மறுப்பவர்கள் சாதித் தடையைச் சாலைப் பாதுகாப்பு என்ற பெயரில் மறைக்கும் வாய்ப்பு உண்டு. ‘வேகமாக ஓட்டினான், ஹாரன் அடித்தான், அதனால் தகராறு’ என்று ஒரு வன்கொடுமை முதல் தகவல் அறிக்கையில் சுருங்கும்போது, 3(1)(இசட்ஏ)(பி) அதிலிருந்து விடுபட்டுப்போகிறது. அந்தப் பிரிவைக் கேட்டு வாங்குவது நமது வேலை.

மைதானம் யாருடையது?

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிச் சுமார் 3.5 கிலோமீட்டர் பொதுச் சாலை ஃபார்முலா 4 பந்தயக் களமாக மாற்றப்பட்டது. அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் தனியார் நிறுவனமும் இணைந்து நடத்திய போட்டி அது. தடுப்புகள், விளக்குகள், மருத்துவக் குழு எல்லாம் இருந்தன. வேகத்தை விளையாட்டாக ஏற்க அரசுக்குத் தயக்கம் இல்லை என்பதையே அது காட்டியது. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் உள்ளன. அங்கு கற்கக் கட்டணமும் கவசமும் சொந்த வண்டியும் வேண்டும். தவணையில் வாங்கிய ஒரே வண்டியை வைத்து உணவு விநியோகம் செய்யும் இளைஞனுக்கு அந்த வாயில் திறப்பதில்லை. பணமுள்ளவன் தடத்தில் விழுந்தால் அது பயிற்சி. மற்றவனுக்கு எஞ்சியிருப்பது நள்ளிரவுக் கடற்கரைச் சாலை. அங்கே தூக்கினாலும் விழுந்தாலும் வழக்குதான்.

நமது கோரிக்கைகள் தெளிவானவை. மாவட்டந்தோறும் கட்டணமற்ற அல்லது குறைந்த கட்டணமுள்ள அடைத்த பயிற்சித் திடல்களை, கவசமும் பயிற்றுநரும் உட்பட, விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அமைக்க வேண்டும். வீலிங் வழக்குகளில் பிரிவு 110ஐச் சேர்ப்பதற்கான காரணத்தைக் காவல்துறை எழுத்தில் பதிய வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் பைக் சாகச வழக்கொன்றில், ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் உதவியாளராகப் பணிசெய்யுமாறு நிபந்தனை விதித்துப் பிணை வழங்கியது. அடிபட்டவரின் அருகில் நிற்க வைக்கும் அத்தகைய அணுகுமுறை, சிறையைவிடப் பயன் தரும்.

இளைஞர்கள் அறிய வேண்டியவையும் உண்டு. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது செய்வது தானாக நிகழும் சடங்கன்று. பிஎன்எஸ்எஸ் பிரிவு 35(3)இன்படி அறிவிப்பு கொடுத்து விசாரிக்கலாம்; கைது செய்தால் அதற்கான காரணத்தைப் பதிய வேண்டும் என்பது 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. ஓட்டியவர் 18 வயது நிரம்பாதவராயின் பிரிவு 199ஏ பெற்றோர் மீதும் வண்டி உரிமையாளர் மீதும் பாய்கிறது: மூன்றாண்டுச் சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓராண்டுக்கு வாகனப் பதிவு இரத்து. கூலிக்குப் போகும் ஒரு தாய்க்கு இதன் பொருள் என்ன என்பதை, வண்டியின் சாவியை எடுக்கும் முன் அந்தச் சிறுவன் ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும்.

சாலையில் நிமிர்ந்து செல்லும் உரிமைக்காக நம் மக்கள் கைகளை இழந்திருக்கின்றனர். அந்தச் சாலையில் நடந்து செல்லும் எவரையும் வீழ்த்தாமல் ஓட்டுவதும் அதே போராட்டத்தின் பகுதியே. சட்டத்திடம் நாம் கேட்பது ஒன்றுதான்: வண்டி எப்படி ஓடுகிறது என்று பார், ஓட்டுபவன் எந்தத் தெருவைச் சேர்ந்தவன் என்று பார்க்காதே.