பந்தால் கிடைக்கும் கல்லூரி இடமும் ஓர் அமானத்தே



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் காஞ்சிபுரத்தில் நம் மஹல்லாக்களின் சில வீடுகளுக்கு எதிர்பாராத ஓர் அழைப்பு வருவதுண்டு. மாவட்டப் போட்டியில் நம் பிள்ளை கூடைப்பந்து ஆடியதைப் பார்த்த ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் பேசுகிறார். தேர்வு முகாமுக்கு அனுப்பிவையுங்கள், தேர்வானால் கட்டணம் வேண்டாம், விடுதியும் உணவும் எங்கள் பொறுப்பு என்கிறார்.

இத்தகைய அழைப்புக்கு நம்மிடையே இரண்டு விதமான மறுமொழிகள் எழுகின்றன. பந்தின் பின்னால் ஓடினால் தொழுகையும் போகும், படிப்பும் போகும் என்று அஞ்சிக் கதவை அடைத்துவிடுவது ஒன்று. கட்டணம் இல்லை என்ற ஒரு சொல்லிலேயே மகிழ்ந்து, எதையும் கேட்காமல் கையொப்பமிட்டுவிடுவது மற்றொன்று. இரண்டுமே பிள்ளைக்கு நாம் செய்யும் தீங்கு என்பதே எமது கருத்து.

மறுப்பவர்களின் அச்சத்தை முதலில் பார்ப்போம். விளையாட்டு வீண் பொழுதுபோக்கு என்ற எண்ணம் மார்க்கத்திலிருந்து வந்ததன்று. மதீனாவில் நபிகளார் (ஸல்) குதிரைப் பந்தயம் நடத்தியதை புகாரி பதிவு செய்திருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபிகளார் ஓட்டப்போட்டி வைத்ததை அபூதாவூதில் காண்கிறோம். உடலைப் பேணுவதும், வரம்புக்குள் நின்று திறமையை வளர்ப்பதும் நமக்கு அந்நியமானவை அல்ல.

விளையாட்டின் வழியே கல்லூரிக்குள் நுழைவதும் பின்வாசல் வழி அன்று. அமெரிக்காவில் ஈராண்டுக் கல்லூரிகளுக்கென்று ஒரு தனி விளையாட்டுச் சங்கம் 1938 முதல் இயங்குகிறது. எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் கூடைப்பந்தின் துணையால் அக்கல்லூரிகளில் சேர்ந்து, அங்கிருந்து பல்கலைக்கழகம் செல்கின்றனர். நம் மாநிலத்திலும் இவ்வழி திறந்தே இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பள்ளிப் பருவத்திலிருந்தே விளையாட்டு விடுதிகளை நடத்திவருகிறது.

பட்டை நம்பி வாழும் நம் ஊரில் இதன் மதிப்பு இன்னும் கூடுதல். கரையையும் உடலையும் தனித்தனி நாடாவால் நெய்து இணைக்கும் கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டாவது ஆள் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். அவனைக் கல்லூரிக்கு அனுப்பும் குடும்பம் கட்டணத்தோடு ஒரு கைவேலையையும் சேர்த்தே இழக்கிறது. தறியானாலும் சிறு கடையானாலும் நிலைமை இதுதான். இத்தகைய வீட்டுக்கு மூன்றாண்டுக் கட்டணம் மிச்சமாவது சிறிய செய்தியன்று. அதை அச்சத்தால் மட்டும் தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை.

ஆயினும் மகிழ்ச்சியில் கண்ணை மூடிக்கொள்ளவும் உரிமை இல்லை. கல்லூரி இடம் தருவது பிள்ளையின் ஆட்டத்துக்காக. நாம் அனுப்புவதோ அவனுடைய படிப்புக்காக. இந்த இரண்டு நோக்கங்களும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி கட்டளையிடும் அல்பகரா 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனமாகும். எழுத்தில் இல்லாத வாக்குறுதியை நம்பிப் பிள்ளையின் மூன்றாண்டுகளை ஒப்படைப்பது அந்தப் படிப்பினைக்கு ஏற்றதாகுமா?

எனவே கையொப்பமிடுமுன் பெற்றோர் கேட்டறிய வேண்டியவை சில உள்ளன. சலுகை படிப்பு முடியும் வரை உண்டா, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுமா? தேர்வுக் கட்டணமும் விடுதி உணவும் அதில் அடங்குமா? பிள்ளை விரும்பும் பாடப்பிரிவு கிடைக்குமா, பயிற்சி நேரத்துக்கு இடையூறு இல்லாத பிரிவில்தான் சேர வேண்டுமா? போட்டிக்குச் செல்லும் நாள்களுக்கு வருகைப் பதிவு தரப்படுமா? விட்டுப்போன பாடங்களை யார் நடத்துவார்கள்?

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இரண்டாம் ஆண்டில் முழங்கால் தசைநார் அறுந்து, இனி ஆட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால் அந்த இடம் நிலைக்குமா? சிகிச்சைச் செலவு யாருடையது? குதித்துத் திரும்பும் இந்த ஆட்டத்தில் முழங்கால் காயம் அரிதன்று. இக்கேள்விக்குத் தெளிவாக எழுதித்தரும் கல்லூரி நம் பிள்ளையை மாணவனாகக் கருதுகிறது. மழுப்பும் கல்லூரியோ அவனை ஆட்டக்காரனாக மட்டுமே பார்க்கிறது. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருப்பதையும் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆடியே வாழ்ந்துவிடலாம் என்ற கனவுக்கும் அளவு வேண்டும். கிரிக்கெட்டில் புரளும் பணம் நம் நாட்டுக் கூடைப்பந்தில் இல்லை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, தெற்கு ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப். போன்றவை அணிகள் வைத்து வேலையும் தந்திருக்கின்றன. ஆனால் அவ்விடங்கள் மிகச் சில. பந்து வாசலைத் திறக்கலாம். வாழ்நாள் முழுதும் கூட வருவது பட்டமே.

இனி மார்க்கக் கடமைகள். மாலைப் பயிற்சி அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் விழும். மஃரிபுக்குச் சில நிமிடங்கள், ஜுமுஆவுக்கு அனுமதி, தொடையை மறைத்து முழங்காலுக்குக் கீழ் இறங்கும் உடை, விடுதியில் ஹலாலான உணவு ஆகியவற்றைச் சேரும் நாளிலேயே பயிற்றுநரிடம் மரியாதையுடன் சொல்லிவிட வேண்டும். முதலிலேயே சொன்னால் அது வேண்டுகோள். அணி களமிறங்கும் நாளில் சொன்னால் அது சச்சரவாகிவிடும். வெளியூர்ப் போட்டிகளின்போது கஸ்ர், ஜம்உ ஆகியவற்றில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் சட்டங்கள் வேறுபடுவதால், புறப்படுமுன் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நலம்.

நோன்பும் ஆட்டமும் சேராது என்பாருக்கு ஹக்கீம் ஒலாஜுவானை நினைவூட்டுகிறோம். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்து, அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடி உயர்ந்தவர் அவர். 1995 பிப்ரவரியில் ரமளான் அமைந்தது. நோன்பு நோற்றபடியே ஆடிய அவர் அம்மாதத்தின் சிறந்த என்.பி.ஏ. வீரராகத் தேர்வானார். எல்லாரும் அவரைப் போல் ஆக வேண்டும் என்பதில்லை. நோன்பை விடுவதற்கு ஆட்டம் ஒரு காரணமாகாது என்பதற்கு அவர் சான்று.

பெண் பிள்ளைகளுக்கும் இதே அழைப்பு வருகிறது. தலைமறைப்புடன் ஆட முடியாது என்று நெடுங்காலம் தடுத்துவந்த விதியை உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2017இல் நீக்கியது. அமெரிக்கக் கல்லூரி அணியில் ஹிஜாபுடன் ஆடிய பில்கிஸ் அப்துல்காதிர் அத்தடைக்கு எதிராகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். ஆகவே விதியைக் காட்டி நம் பெண்களைத் தடுக்க இயலாது. பயிற்றுநர் யார், பயணத்தில் உடன் செல்வது யார், தங்குமிடம் எது என்று கேட்டறிந்து முடிவெடுப்பது பெற்றோரின் கடமை. கேட்காமலேயே மறுப்பது கடமையைத் தட்டிக்கழிப்பதாகும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. விளையாட்டு ஒதுக்கீட்டில் சான்றிதழே மதிப்பெண். அதனால்தான் ஆடாத போட்டிக்குச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்வோரும் வருகின்றனர். அப்படிப் பெறும் இடம் ஆண்டுக்கணக்கில் மைதானத்தில் உழைத்த இன்னொரு வீட்டுப் பிள்ளையிடமிருந்து பறித்த இடம். அதில் படித்துப் பெறும் சம்பளத்தில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியுமா?

நம் ஜமாஅத்துகளும் இதில் பொறுப்பேற்க வேண்டும். ஒப்பந்தத்தைப் படித்துப் பொருள் சொல்ல ஒரு வழக்கறிஞர், மார்க்கக் கேள்விகளுக்கு ஓர் ஆலிம், முன்பே இவ்வழியில் படித்து முடித்த ஓர் இளைஞர் என மூவரை ஒவ்வொரு மே மாதமும் பள்ளிவாசலில் ஒரு மாலை அமரச் செய்தால் போதும். காயத்தால் சலுகையை இழந்த பிள்ளையின் படிப்பு நின்றுபோகாமல் பைத்துல்மால் கைகொடுக்கலாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன நபியின் உம்மத் நாம். கேட்க வேண்டியதைக் கேட்டு, எழுத வேண்டியதை எழுதி, பிள்ளையை துஆவுடன் அனுப்பிவைப்போம். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உடலுக்கு வலிமையையும், கல்வியில் பரக்கத்தையும், ஈமானில் உறுதியையும் தந்தருள்வானாக. ஆமீன்.