ரத்தம் சொல்வது தீர்ப்பு அல்ல!

"இன்னும் எத்தனை நாள், டாக்டர்?"

புற்றுநோய் என்று தெரிந்ததும் நோயாளியின் வீட்டார் கேட்கும் கேள்வி இது. எந்த நாடாக இருந்தாலும் இந்தக் கேள்வி மாறுவது இல்லை.

இதற்கு ரத்தத்தில் விடை தேடுகிறார்கள், விஞ்ஞானிகள். ஓரளவு விடையும் கிடைத்து இருக்கிறது. ஆனால், அந்த விடையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அடுப்பும் சாம்பலும்

உடம்பில் உள்ள ஒவ்வோர் உயிரணுவும் ஓர் அடுப்பு மாதிரி. சர்க்கரைதான் விறகு. பிராண வாயுவின் உதவியால் அதை எரித்து உயிரணு சக்தி பெறுகிறது.

புற்றுநோய் அணுவின் போக்கே வேறு. பிராண வாயு தாராளமாக இருந்தாலும், சர்க்கரையை அள்ளி அள்ளி விழுங்கி, அரைகுறையாக எரித்து, "லாக்டிக்" அமிலமாக வெளியே தள்ளுகிறது. தயிரைப் புளிக்க வைப்பதும் இதே அமிலம்தான்! இந்தப் போக்கை 1920-களில் கண்டு சொன்னவர், ஜெர்மனி விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க்.

இந்த அமிலம் உண்டாக உதவும் பொருளுக்கு "எல்.டி.எச்." என்று பெயர். அணுக்கள் சிதையும்போது அது ரத்தத்தில் கசிகிறது. புற்றுநோய் வெகுவாகப் பரவி இருந்தால், பெரும்பாலும் இதன் அளவும் கூடும். சாம்பலைப் பார்த்து, எவ்வளவு விறகு எரிந்தது என்று சொல்வது போல!

இது சாதாரண ரத்தப் பரிசோதனைதான். "மெலனோமா" என்ற தோல் புற்றுநோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவிவிட்டால், நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று கணிக்க டாக்டர்கள் இந்த அளவையும் பார்க்கிறார்கள்.

யாருக்குப் பலன்?

ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் உடம்பின் காவல்காரர்கள். அவர்களைத் தடுத்து நிறுத்தும் கடிவாளத்தை அவிழ்த்துவிட்டு, புற்றுநோயோடு போராட வைக்கும் மருந்துகள் வந்துள்ளன. இதற்கு வழிகாட்டிய அமெரிக்காவின் ஜேம்ஸ் அல்லிசனும், ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவும் 2018-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்த மருந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் தருவது இல்லை. மெலனோமா நோயாளிகளில், எல்.டி.எச். சரியான அளவில் இருப்பவர்களுக்குப் பலன் அதிகம். கூடுதலாக இருப்பவர்களுக்குக் குறைவு.

அப்படியானால், அளவு கூடியவர்களைக் கைவிட்டு விடலாமா? கூடவே கூடாது!

கல்லீரல் நோயாலும், மாரடைப்பாலும்கூட எல்.டி.எச். கூடும். பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் உடைந்துபோனாலும் கூடும். மேலும், அளவு கூடி இருந்தும், இந்த மருந்துகளால் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் உண்டு.

8 மாதம்; 20 ஆண்டு!

எண்ணைக் கண்டு கலங்காத ஒருவரின் கதை இது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர், ஸ்டீபன் ஜே கூல்ட். 1982-ம் ஆண்டில் அவருடைய வயிற்றில் கொடிய புற்றுநோய் கண்டது. அப்போது அவருக்கு வயது 40. நூலகத்துக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினார். "நடுமட்ட ஆயுள் 8 மாதம்" என்று போட்டு இருந்தது!

பேராசிரியர் யோசித்தார். பாதிப் பேர் 8 மாதத்துக்குள் இறக்கிறார்கள் என்றால், மீதிப் பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்கிறார்கள் அல்லவா? அவர்களில் சிலர் பல ஆண்டுகள் வாழலாமே! மனம் தளராமல் சிகிச்சை பெற்றார். அதன்பின் 20 ஆண்டுகள் வாழ்ந்தார். 2002-ம் ஆண்டில் அவர் இறந்தது வேறொரு புற்றுநோயால்.

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. ஆனாலும் ஓர் உண்மை விளங்குகிறது. அந்த எண், ஆயிரம் பேரைப் பற்றிப் பொதுவாகச் சொல்வது. எதிரே உட்கார்ந்து இருக்கும் ஒருவரின் தலைவிதியை அது சொல்வது இல்லை.

ஆகவே, பரிசோதனைச் சீட்டைப் பார்த்து அழ வேண்டியது இல்லை. அதை நோயாளியிடம் மறைக்கவும் வேண்டாம். டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். அளவு கூடியதற்கு வேறு காரணம் இருக்குமா? மறுபடியும் பரிசோதிக்க வேண்டுமா? இதை வைத்துச் சிகிச்சையை எப்படி மாற்றலாம்?

"எத்தனை நாள்?" என்பதைவிட, "என்ன செய்யலாம்?" என்ற கேள்வியே நோயாளிக்கு உதவும்.